'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்றால், வேறு என்ன இருக்கிறது?

ஷாம்பு, ஃபேஸ் வாஷ், குழந்தைகளுக்கான லோஷன் என்று எதை எடுத்தாலும் முன்பக்கத்தில் 'பாரபென் ஃப்ரீ' என்று போட்டிருக்கிறது. பாரபென் என்பது பொருள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பிரிசர்வேட்டிவ். உள்ளே இல்லாத ஒன்றைச் சொல்லி விற்கிற அளவுக்கு அதன் பெயர் கெட்டுவிட்டது. 2025 ஜூலையில் அமெரிக்க சுகாதாரத் துறை, தையோமெர்சல் என்ற, பாதரசம் உள்ள பிரிசர்வேட்டிவ் கலந்த ஃப்ளூ தடுப்பூசிகளைக் கைவிடும் பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. 'தடுப்பூசியில் பாதரசம்' என்ற பழைய பயம் அதோடு திரும்பி வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த செய்தியோ நேர் எதிர். பிரிசர்வேட்டிவ் சேர்க்காத ஒரு கண் சொட்டு மருந்தால் அமெரிக்காவில் பலருக்குப் பார்வை போனது, சிலருக்கு உயிரே போனது. அந்த மருந்து தயாரானது நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்.

போட்டால் ஆபத்தா, போடாவிட்டால் ஆபத்தா? அடியிலிருந்து பார்க்கலாம்.

## தண்ணீர் இருந்தால் கெடும்

பிரிசர்வேட்டிவ் என்பது ஒரு பொருளுக்குள் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை ஆகியவை வளராமல் தடுப்பதற்காகச் சேர்க்கும் வேதிப்பொருள். தமிழில் பதப்படுத்தி என்கிறோம். எண்ணெயில் காறல் வாடை வராமல் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் வேறு வகை. அதை இங்கே விட்டுவிடலாம்.

கிருமி வளர முதலில் வேண்டியது தண்ணீர். தேங்காய் எண்ணெய் மாதக்கணக்கில் குளியலறை மாடத்தில் கிடந்தாலும் அதில் பாக்டீரியா பெருகுவதில்லை. டால்கம் பவுடரும் அப்படித்தான். கற்றாழைச் சோற்றை வழித்து ஒரு கிண்ணத்தில் வெளியே வைத்துப் பாருங்கள், சீக்கிரமே நீர்த்து நாற ஆரம்பித்துவிடும். சித்த மருத்துவ நூல்கள் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கின்றன. சாறு, குடிநீர் எனப்படும் கஷாயம், கற்கம் எனப்படும் அரைத்த விழுது ஆகியவற்றின் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். இளகம் எனப்படும் லேகியத்துக்கும் நெய்க்கும் 6 மாதம். எண்ணெய்க்கு 1 வருடம். இளகத்தில் ஈரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சர்க்கரையும் தேனும் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குக் கிடைப்பதில்லை.

ஆங்கில மருந்துக் கடையில் விற்கும் பழைய பாணி சிரப்பும் இதே தந்திரம்தான். எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருக்கும் பாகில் எதுவும் எளிதில் வளராது. அந்தச் சர்க்கரையை எடுத்துவிட்டு 'சுகர் ஃப்ரீ' ஆக்கினால், சர்க்கரை பார்த்துவந்த காவல் வேலைக்கு வேறு ஆள் வைக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் வந்து நிற்பது ஒரு பிரிசர்வேட்டிவ். ஒரு 'ஃப்ரீ' வாங்கப் போய் இன்னொன்று கூடவே வருகிறது.

லோஷன், ஷாம்பு, க்ரீம் எல்லாவற்றிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். கூடவே மூலிகைச் சாறு, புரதம், கொழுப்பு. தொழிற்சாலையில் எவ்வளவு சுத்தமாக அடைத்தாலும், மூடியைத் திறந்த நிமிடத்திலிருந்து விரலும் குளியலறை ஈரமும் உள்ளே போகத் தொடங்கும். இதைத் தடுக்க மொத்தம் மூன்று வழிகள்தான்:

1. வேதிப்பொருள். உள்ளே வரும் கிருமியை வளரவிடாமல் வைப்பது. பிரிசர்வேட்டிவ் வேலை இதுதான்.
2. புட்டி. கிருமியை உள்ளேயே விடாமல் இருப்பது. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சின்னக் குப்பி, காற்று திரும்பி உள்ளே போகாத பம்ப், வடிகட்டி வைத்த சொட்டுப் புட்டி.
3. நேரம். கெடுவதற்குள் தீர்த்துவிடுவது, மீந்ததைக் கொட்டிவிடுவது. குடிநீரின் சாமக் கணக்கு இதுதான்.

முதல் வழியை எடுத்துவிட்டால் மற்ற இரண்டில் ஒன்றை இறுக்கியாக வேண்டும். 'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்ற லேபிளைப் பார்த்தால், அந்த வேலையை இப்போது எது பார்க்கிறது என்று கேளுங்கள். கீழே வரும் கதைகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

## பண்டபர்க், 1928

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பண்டபர்க் என்ற ஊர். 1928 ஜனவரியில் அங்கே குழந்தைகளுக்கு டிப்தீரியா தடுப்பு மருந்து போட்டார்கள். ரப்பர் மூடி போட்ட ஒரு குப்பி, பல குழந்தைகளுக்கு. அதே குப்பியிலிருந்து சில நாள் முன்பு எடுத்துப் போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. ஜனவரி 27 அன்று 21 குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஓரிரு நாளில் 12 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சார்லஸ் கெல்லவே. குப்பியில் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா இருந்தது தெரியவந்தது. நம் தோலிலும் மூக்கிலும் சர்வசாதாரணமாக இருக்கும் கிருமி அது. ஊசி ஏதோ ஒரு முறை உள்ளே போனபோது கூடவே போயிருக்கிறது. குளிர்பெட்டியில் வைக்காத குப்பிக்குள், குயின்ஸ்லாந்துக் கோடை வெயிலில், பெருகியிருக்கிறது. மருந்தில் கிருமித் தடுப்பான் எதுவும் இல்லை. கிருமி வளரக்கூடிய எந்தத் தடுப்பு மருந்தையும், போதுமான கிருமித் தடுப்பான் சேர்க்காமல், பலமுறை எடுக்கும் குப்பியில் தரக் கூடாது என்பது குழுவின் முக்கியமான பரிந்துரை. பலருக்குப் போடும் தடுப்பூசிக் குப்பிகளில் பிரிசர்வேட்டிவ் வந்ததற்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரி அனுபவம்தான்.

## ஆலத்தூர், 2023

இது கிட்டத்தட்ட பண்டபர்க்கின் மறுபதிப்பு. திருப்போரூர் பக்கத்தில் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் தயாராகி, 'எஸ்ரிகேர்' உள்ளிட்ட பெயர்களில் அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீர் மருந்து. கண் வறட்சிக்கு நாள் முழுக்க அடிக்கடி விட்டுக்கொள்வது. 'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்பதுதான் அதன் விற்பனைச் சிறப்பு.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில், 18 மாநிலங்களில் 81 பேருக்கு மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமித் தொற்று. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டிவந்தது, 4 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அடுக்கிய குறைகளில் கிருமிச் சோதனை போதாது என்பது ஒன்று. பலமுறை திறக்கும் புட்டியில் போதுமான பிரிசர்வேட்டிவ் இல்லை என்பது இன்னொன்று. இங்கே தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, தான் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று சொன்னது. கிருமி எந்த இடத்தில் புகுந்தது என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். பிரிசர்வேட்டிவ் இல்லாத திரவத்தைப் பல நாள் திறந்து மூடும் சாதாரணப் புட்டியில் அடைத்ததை யாராலும் நியாயப்படுத்த முடியாது. மேலே சொன்ன மூன்று வழிகளில் ஒன்றுகூட அங்கே சரியாக இல்லை.

## சேலஞ்ச் டெஸ்ட்

ஒரு பிரிசர்வேட்டிவ் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை நேரடியானது. தயாரான மருந்துக்குள் வேண்டுமென்றே கிருமியை விடுவார்கள்: ஸ்டஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ், ஈ.கோலை, காண்டிடா என்ற ஈஸ்ட், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற கரும்பூஞ்சை. ஒரு மில்லிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை. அப்புறம் காத்திருந்து எண்ணுவார்கள். அமெரிக்க மருந்தியல் நூலின்படி ஊசி மருந்தும் கண் மருந்தும் என்றால், பாக்டீரியா எண்ணிக்கை 7ஆம் நாளில் பத்தில் ஒன்றாகவும் 14ஆம் நாளில் ஆயிரத்தில் ஒன்றாகவும் குறைந்திருக்க வேண்டும். 28ஆம் நாள்வரை மறுபடி ஏறக் கூடாது.

இதில் ஒரு சிக்கல். பிரிசர்வேட்டிவ் பெயரை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. சோடியம் பென்சோவேட் அமிலத்தன்மை உள்ள திரவத்தில்தான் உருப்படியாக வேலை செய்யும். காரம் ஏறினால் சும்மா இருக்கும். பாரபென் எண்ணெய்ப் பகுதிக்குள் போய் ஒதுங்கிக்கொள்ளும், கிருமி இருப்பதோ தண்ணீர்ப் பகுதியில். அதனால்தான் இரண்டு மூன்றைச் சேர்த்துப் போடுகிறார்கள்.

## பாரபென் எப்படி வில்லன் ஆனது

பாரபென் என்பது ஒரே பொருள் இல்லை, ஒரு குடும்பம். மெத்தில், எத்தில், புரோப்பில், பியூட்டில் என்று பெயர் நீள நீள, கிருமியை அடக்கும் வலுவும் கூடும், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடிக்கும் குணமும் கூடும். ஆனால் எவ்வளவு நடிப்பு? 1998இல் வெளியான ஓர் ஆய்வில், ஈஸ்ட் செல்களை வைத்துப் பார்த்தபோது, பியூட்டில் பாரபென்னின் வலு உடலின் சொந்த ஈஸ்ட்ரோஜனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

பயம் தீப்பிடித்தது 2004இல். பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப்பா டார்ப்ரே குழு, 20 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து அவற்றில் பாரபென் இருப்பதாக எழுதியது. அந்த ஆய்வில் ஆரோக்கியமான திசுவோடு ஒப்பீடு இல்லை. பாரபென் புற்றுநோயை உண்டாக்கியது என்று அந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. இருந்தது என்பதற்கும் உண்டாக்கியது என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தைச் செய்திகள் ஒரே தாவாகத் தாண்டிவிட்டன. 2012இல் அதே ஆய்வாளர்கள் பங்கேற்ற இன்னொரு ஆய்வில், அக்குளில் டியோடரண்ட் போட்டதே இல்லை என்று சொன்ன பெண்களின் மார்புத் திசுவிலும் பாரபென் இருந்தது.

அப்படியென்றால் கவலையே வேண்டாமா? அதுவும் சரியில்லை. நீண்ட பெயர் கொண்ட பாரபென்களைப் பற்றி நியாயமான கேள்விகள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் குடும்பத்தைப் பிரித்து முடிவெடுத்தது:

1. மெத்தில், எத்தில் பாரபென்: தனியாக 0.4 சதவீதம் வரை அனுமதி.
2. புரோப்பில், பியூட்டில்: இரண்டும் சேர்த்து 0.14 சதவீதத்துக்குள். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டயப்பர் கட்டும் இடத்தில் பூசி விட்டுவிடும் க்ரீமில் கூடாது. புண்ணாகிச் சிவந்த, மூடி வைத்த தோல் அதிகமாக உறிஞ்சும் என்பது காரணம்.
3. ஐசோபுரோப்பில், ஐசோபியூட்டில், ஃபீனைல், பென்சைல், பென்டைல்: தடை. இவற்றின் பாதுகாப்பைச் சரிபார்க்கப் போதுமான தரவு தரப்படவில்லை.

இது 'பாரபென் விஷம்' என்பதும் இல்லை, 'பாரபென் பால் மாதிரி' என்பதும் இல்லை. ஆனால் கடைக்காரர்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. 'பாரபென் ஃப்ரீ' விற்றது. சரி, அந்த இடத்துக்கு வந்தது எது?

பல பொருள்களில் வந்தது மெத்தில்ஐசோதயசோலினோன். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்; எம்ஐ என்பார்கள். ஐரோப்பாவில் 2005இல் அழகுசாதனங்களில் இதைத் தனியாக 100 பிபிஎம் வரை (பத்து லட்சத்தில் 100 பங்கு) சேர்க்க அனுமதி கிடைத்தது. ஈரத் துடைப்பான், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் என்று எங்கும் பரவியது. சில வருடங்களில் தோல் மருத்துவர்களிடம் வரிசை நின்றது: முகம் வீங்கியவர்கள், கைவிரல் வெடித்தவர்கள், வீட்டுக்குப் புது பெயின்ட் அடித்த அறையில் தூங்கியே அரிப்பு வந்தவர்கள் (பெயின்டிலும் இதைச் சேர்க்கிறார்கள்). அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2013இல் எம்ஐயை 'அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. ஐரோப்பா 2017இல் பூசி விட்டுவிடும் பொருள்களில் இதைத் தடைசெய்தது. கழுவிவிடும் பொருள்களில் மறுவருடம் 15 பிபிஎம் ஆகக் குறைத்தது.

அதே சங்கம் 2019இல் பாரபென்னுக்கு ஒரு பட்டம் கொடுத்தது: 'அந்த ஆண்டின் ஒவ்வாமை அல்லாத பொருள்'. பட்டமளிப்பில் கொஞ்சம் கிண்டலும் உண்டு. ஒவ்வாமை மிகக் குறைவாகத் தரும் பிரிசர்வேட்டிவ்களில் ஒன்றை விரட்டிவிட்டு, அதிகம் தருவதை உள்ளே கூட்டிவந்தோம் என்பது அதன் உட்பொருள்.

## யாருக்கு, எந்த இடத்தில்

பிரிசர்வேட்டிவ் நிஜமாகவே கெடுதல் செய்த இடங்கள் உண்டு. அவை பெரும்பாலும் முகக்க்ரீமில் இல்லை.

1. பச்சிளம் குழந்தைகள். 1982இல் அமெரிக்காவின் இரண்டு மருத்துவ மையங்களில் 16 பச்சிளம் குழந்தைகள் இறந்ததாகப் புகார் வந்தது. குழாய்களைக் கழுவவும் மருந்து கலக்கவும் பயன்படுத்திய உப்புநீரில் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் பிரிசர்வேட்டிவாக இருந்தது. பெரியவர்களின் கல்லீரல் அதைச் சுலபமாக மாற்றி வெளியே தள்ளிவிடும். குறைமாதக் குழந்தையின் முதிராத கல்லீரலால் முடியாது. ரத்தத்தில் அமிலம் ஏறி, குழந்தை மூச்சுக்குத் திணறும். 'காஸ்பிங் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்தார்கள்.

2. தண்டுவடம், கண்ணின் உட்பகுதி. மரப்பு ஊசி மருந்தான லிக்னோகெயினின் பல டோஸ் குப்பியில் மெத்தில் பாரபென் இருப்பது வழக்கம். பல் பிடுங்கவோ தையல் போடவோ அது போதும். முதுகுத்தண்டில் போடும்போது பிரிசர்வேட்டிவ் இல்லாத தனி ஆம்பியூல்தான் எடுக்க வேண்டும். கண்ணுக்குள் செலுத்தும் மருந்துக்கும் இதே விதி.

3. வருடக்கணக்கில் கண் சொட்டு விடுபவர்கள். கண் மருந்துகளில் அதிகம் பயன்படும் பென்சல்கோனியம் குளோரைடு ஒருவகைச் சோப்புத்தன்மை கொண்டது. கிருமியின் தோலைக் கிழிக்கும் அதே வேலையை கருவிழியின் மேல்படலத்திலும் கொஞ்சம் செய்யும். கண்வலிக்கு ஒரு வாரம் விட்டால் பிரச்சினை இல்லை. கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கு ஆயுள் முழுக்க, தினமும் இரண்டு மூன்று மருந்து என்றால் கண் உலர்ந்து எரியும். இவர்களுக்குத்தான் பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு மருந்து நிஜமாகவே தேவை. அது ஒற்றை டோஸ் குப்பியிலோ வடிகட்டிப் புட்டியிலோ வரும்; விலை கூடும்.

இன்சுலின் போடுபவர்களுக்குப் பிரிசர்வேட்டிவ் வாசனை நன்றாகத் தெரியும். ஊசி நுனியில் ஒரு துளி நின்றால் பழைய ஆஸ்பத்திரி டெட்டால் வாடை அடிக்குமே, அது மெட்டாகிரெசால், ஃபீனால். ஒரே குப்பிக்குள் நாளைக்கு இரண்டு முறை ஊசி போய் வந்தாலும் மருந்து கெடாமல் இருப்பது அதனால்தான்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தது பிரிசர்வேட்டிவால் இல்லை. அங்கே கொன்றது டைஎத்திலீன் கிளைக்கால், கரைப்பானோடு வந்து சேரும் தொழிற்சாலை நஞ்சு. இரண்டும் லேபிளில் புரியாத பெயர்கள் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது.

## தையோமெர்சல்: குளிர்பெட்டிக் கணக்கு

தையோமெர்சலின் எடையில் பாதி பாதரசம். இதை யாரும் மறுக்கவில்லை. அரை மில்லி தடுப்பூசியில் ஏறக்குறைய 25 மைக்ரோகிராம் பாதரசம் வரும். ஆனால் மீனில் சேர்ந்து நரம்பைக் கெடுக்கும் மெத்தில் பாதரசம் வேறு, தையோமெர்சல் உடைந்து வரும் எத்தில் பாதரசம் வேறு. முன்னது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மாதம் போல ஆகும். பின்னது ஒரு வாரத்தில் குறைந்துவிடும். தையோமெர்சலால் குழந்தைகளுக்கு ஆட்டிசம் வரும் என்பதுதான் அந்தப் பழைய பயம். டென்மார்க் 1992இலேயே தையோமெர்சலைக் கைவிட்டது. அதற்குப் பிறகும் அங்கே ஆட்டிசம் பதிவுகள் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

அமெரிக்கா கைவிடுவது சுலபம். அங்கே குழந்தைகளுக்கான தடுப்பூசிகள் 2001 வாக்கிலேயே மாறிவிட்டன. ஃப்ளூ ஊசியும் பெரும்பாலும் ஒற்றை டோஸாகத்தான் வருகிறது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணக்கு வேறு. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசியின் 10 டோஸ் குப்பி ஒன்று பிடிக்கும் இடத்தில் 10 ஒற்றை டோஸ் குப்பிகள் பிடிக்காது. குளிர்பெட்டி, கிராமத்துக்குத் தூக்கிப்போகும் வேக்சின் கேரியர், விலை எல்லாம் பெருகும். தையோமெர்சல் இருப்பதால், விதிப்படி குளிரில் வைத்தால், திறந்த பென்டாவேலன்ட் குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம். பக்கத்திலேயே இருக்கும் தட்டம்மை–ருபெல்லா குப்பியில் பிரிசர்வேட்டிவ் கிடையாது, அதைக் கரைத்த 4 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். இது மூன்றாவது வழி. நேரத்தை மீறினால் என்ன ஆகும் என்பதை 2017இல் தெற்கு சூடான் காட்டியது: தட்டம்மை முகாமில் மருந்தைக் கரைக்க ஒரே சிரிஞ்சை நான்கு நாளும் பயன்படுத்தினார்கள், குளிரிலும் வைக்கவில்லை. 15 குழந்தைகள் இறந்தார்கள்.

போலியோ ஊசி மருந்தில் தையோமெர்சல் போட முடியாது, மருந்தின் வீரியத்தையே அது கெடுத்துவிடும். அங்கே இருப்பது ஃபீனாக்ஸிஎத்தனால். 'பாரபென் ஃப்ரீ' க்ரீம்களின் பின்பக்கத்தில் இப்போது அடிக்கடி தென்படும் அதே பெயர்தான்.

## 'இயற்கை' புட்டிக்குள்

'ரசாயனம் இல்லை, கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு மட்டும்' என்று சில பொருள்கள் வரும். கிரேப்ஃப்ரூட் என்பது திராட்சை இல்லை, பம்பளிமாஸ் இனப் பழம். 1999இல் ஜெர்மனியில் கடையில் வாங்கிய இத்தகைய சாறுகளை ஆராய்ந்தபோது, கிருமியைக் கொன்ற சாறுகளில் பென்செத்தோனியம் குளோரைடு, டிரைக்ளோசான், மெத்தில் பாரபென் போன்றவை இருந்தன. செயற்கைப் பொருள் கலக்காத சாறு கிருமியைக் கொல்லவே இல்லை.

வீட்டிலேயே கற்றாழை ஜெல், ரோஜா நீர் தயாரித்து விற்பவர்களிடம் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான். குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளில் தீர்த்தால் சரி. ஆறு மாதம் கெடாது, ஒன்றும் சேர்க்கவில்லை என்றால், இரண்டில் ஒன்று பொய்.

## லேபிளில் எங்கே பார்ப்பது

இந்தியாவில் அழகுசாதனங்களுக்கு 2020ஆம் ஆண்டின் விதிகளும், எந்தப் பொருளை எவ்வளவு சேர்க்கலாம் என்று சொல்லும் ஐஎஸ் 4707 தரநிலையும் இருக்கின்றன. சேர்மானப் பட்டியலில் பிரிசர்வேட்டிவ் கடைசி வரிகளில் கிடைக்கும், ஏனென்றால் அளவு 1 சதவீதத்துக்குள்தான் இருக்கும். பக்கத்தில் திறந்த டப்பா படமும் அதற்குள் '12எம்' என்றும் இருந்தால், திறந்த பிறகு 12 மாதம் என்று பொருள்.

கண் சொட்டு மருந்து அட்டையில் பிரிசர்வேட்டிவ் பெயரும் சதவீதமும் தனி வரியாகவே இருக்கும். பென்சல்கோனியத்துக்குப் பதில் 'ஆக்சிகுளோரோ காம்ப்ளெக்ஸ்' என்று சிலவற்றில் பார்க்கலாம். கண்ணில் பட்டதும் உப்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் என்று பிரிந்துவிடும் மென்மையான வகை. அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'திறந்த ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்று இருக்கும். திறந்த தேதியைப் பேனாவால் அட்டையிலேயே எழுதிவைப்பவர்கள் குறைவு. பழைய கண்வலிக்கு வாங்கிய பாதிப் புட்டியை அடுத்த கண்வலிக்கு எடுப்பவர்கள்தான் அதிகம். சிரப்புகளில் நிலைமை மோசம். வேலை செய்யும் மருந்தின் பெயரும் அளவும் தெளிவாக இருக்கும். மீதி எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஃபிளேவர்டு சிரப்பி பேஸ், தேவையான அளவு' என்று ஒரே வரி. பாரபென் இருந்தாலும் பென்சோவேட் இருந்தாலும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது. ஷாம்புவின் பின்பக்கத்தில் கிடைக்கும் விவரம்கூட, குழந்தைக்கு வாயில் ஊற்றும் மருந்தின் அட்டையில் பல நேரம் கிடைப்பதில்லை.